ஷெட்டில் நிற்கும் பத்மினி: எங்கே தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி நிற்கிறது. தாத்தா ஓட்டியது. அவர் போனபின் பன்னிரண்டு வருடமாக அசையவில்லை. பேரனுக்கு அதை ஓட வைக்க ஆசை. நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: மாருதி ஆம்னி என்ஜின் போடு, அலாய் வீல் மாட்டு, பளபளப்பில்லாத மேட் கறுப்புப் பெயிண்ட் அடி. எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், எதை மாற்றலாம்?

தம்பி, நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. குன்னூரில் முப்பது வருடமாக இந்தப் பைத்தியம் பிடித்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக். ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு ஃபியட், எஸ்டேட்டில் உழைத்துக் களைத்த ஒரு ஜீப், இவ்வளவுதான் என் படிப்பு. (ஃபியட் காருக்குப் பத்மினி என்று பெயர் மாறியது 1974-ல். ஆனாலும் நம் ஊரில் யாரும் ஃபியட் என்பதை விட்டதில்லை, நானும் அப்படித்தான் சொல்வேன்.) பட்டது ஒன்றைச் சொல்கிறேன். சமவெளிக்காரர் பழைய காரைப் பார்த்து "ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்கலாம். மலையில் இருப்பவர் "நிற்குமா?" என்றுதான் கேட்க வேண்டும். வேலையின் வரிசை முழுக்க அந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. உங்கள் நண்பர்கள் சொல்லும் மூன்றுமே அந்த வரிசையின் வாலில் வருபவை, அல்லது வரவே கூடாதவை.

ஒரு ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். வண்டி இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றுவதற்கான படிவம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் வண்டி துருப்பிடித்துக் கிடக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பளபளவென்று ஆனபின் எல்லோருக்கும் அதன்மேல் பாசம் வந்துவிடும். அடுத்தது பதிவைப் புதுப்பித்தல். தனியார் காருக்குப் பதினைந்து வருடம் கழித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. 2022 ஏப்ரலில் இதன் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் இன்னும் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. அந்தக் காலத்துப் பதிவு கணினியில் ஏறாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படியானால் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். பொறுமையாக நடங்கள். டி.என். 43 வருவதற்கு முந்தைய எண் அது, தொலைத்தால் திரும்பக் கிடைக்காது.

காகிதம் ஒருபக்கம் நடக்கட்டும். ஷெட்டுக்கு வாருங்கள். பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருப்பும் ஆசையை அடக்குங்கள். பன்னிரண்டு வருடம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங், போரோடு (பிஸ்டன் ஏறி இறங்கும் துளையோடு) ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டரால் அடித்துத் திருப்பினால் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அப்புறம் முன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். சுற்றினால் சந்தோஷம். சுற்றாவிட்டால் இன்னொரு வாரம்.

அந்த இரண்டு வாரத்தில் வண்டிக்கு அடியில் படுங்கள். ஃபியட்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, தகரமேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரை, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டைகள் வந்து மாட்டும் இடம், இந்த நான்கையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டங் என்று சத்தம் வந்தால் தகரம். சத்தமே இல்லாமல் உள்ளே போனால் துரு. வெளியே நல்லதாகத் தெரியும் இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் முன்பு யாரோ பட்டி பார்த்து மூடிய இடம். நம் மலையில் துரு மழையால் மட்டும் வருவதில்லை, பனிமூட்டத்தால்தான் அதிகம். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிய வண்டிக்குள் ராத்திரி ஈரம் சேர்ந்து காலையில் சொட்டும், அந்த ஈரம் வெளியேற வழியே இருக்காது. கதவின் அடி ஓட்டைகளும் முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியும் மர இலையால் அடைத்திருக்கும். அவற்றைக் குத்தித் திறப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

துருவை வெட்டி எடுத்து 18 அல்லது 20 கேஜ் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், இரண்டு தகரத்துக்கும் நடுவில் துரு மறுபடியும் குடித்தனம் நடத்தும். வெட்டும் முன் கதவுகளை மாட்டியபடியே வைத்திருங்கள். கதவையும் தரையையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு, அப்புறம் கதவு மூடாமல் தவித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்று என்னுடையது.

இனி பிரேக். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

என் முதல் ஃபியட்டில் குன்னூரிலிருந்து பர்லியாறு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். என்ஜின் புதிதாகச் செய்தது, பெயிண்ட் புதிது, எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதி இறக்கத்தில் மிதி பஞ்சு போல ஆனது. அடுத்த வளைவில் தரையைத் தொட்டது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். முன்விளக்கு ஒன்று போனது, நான் இருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து மிதி தானாகவே கெட்டியானது! அதுதான் பாடம். எதுவும் உடையவில்லை, பிரேக் ஆயில் கொதித்திருந்தது. ஆயில் வாங்கிய வருடம் எனக்கே நினைவில்லை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும் பொருள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அதற்கு விதித்திருக்கும் அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. தொடர்ந்து பிரேக் மிதித்தபடி மலை இறங்கினால் டிரம்மின் சூடு, அதற்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இறங்கி, ஆயில் ஆவியாகி, குழாயில் குமிழி நிற்கும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி அமுங்கிக்கொடுத்துவிடும். அதனால்தான் மிதி பஞ்சானது. ஆகவே ஆயில் டாட் 4. சமவெளியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். மூடுபனி ஊரில் நான் வருடா வருடம் பருவமழை முடிந்ததும் மாற்றுகிறேன்.

நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுப்பது), நான்கு சக்கரத்து வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் மூன்றையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். இரும்புப் பைப்பைத் துணியால் துடைத்துப் பார்த்து, குழி விழுந்திருந்தால் அதையும். ரப்பர் கிட் மட்டும் மாற்றி ஒப்பேற்றினால், உள்ளே குழி விழுந்த சிலிண்டர் அந்தப் புது ரப்பரை மூன்று மாதத்தில் அறுக்கும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் ஒன்றுதான் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். ஒன்று என்றால் எங்கே ஒரு துளி ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரியும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுவது, ஃபியட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் ஒரே மாற்றம். டிஸ்க் பிரேக் நல்லதுதான், ஆனால் முன்னால் மட்டும் டிஸ்க் போட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டர் அளவையும் பின் பிரேக்கின் பலத்தையும் அதற்கு ஏற்பச் சரிக்கட்டாவிட்டால் ஈரச் சாலையில் வண்டி வால் சுழற்றும். டிரம் சரியாக லேத்தில் கடைந்து, லைனிங் முழுவதும் படிந்து உட்கார்ந்தால் இந்த எடைக்கு அதுவே தாராளம். மீதி வேலை உங்கள் இடது கையுடையது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ஜினுக்கு வருவோம். இதில் மலைக்காரனுக்கு மட்டும் விளங்கும் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்தமானதும் அதுதான்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, என்ஜினின் சக்தியும் அதே அளவு குறையும். ஃபியட்டின் 1089 சி.சி. என்ஜின் புதிதாக இருந்தபோதே நாற்பது குதிரைத்திறனை ஒட்டித்தான் இருந்தது, ஊட்டியில் முப்பத்திரண்டு தேறினால் அதிகம். அதைவிட முக்கியம், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் காற்றின் கன அளவு தெரியும், எடை தெரியாது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கோத்தகிரி உயரத்தில் கலவை எட்டு, ஒன்பது சதவீதம் ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். பிளக் கறுக்கும், வண்டி இழுக்காது. அதனால் அந்தக் காலத்து எஸ்டேட் மெக்கானிக்குகள் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஓட்டைத் திருகை, ஒரு நம்பர் சின்னதாகப் போடுவார்கள். சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட்டின் மேல் இருக்கும் எண் ஓட்டையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. உங்கள் தாத்தாவின் வண்டியிலும் அப்படி மாற்றியிருக்கலாம். கழற்றியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேடிக்கை. இன்று பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், எனவே அதே ஜெட்டில் கலவை லீன் ஆகும், அதாவது எரிபொருள் போதாது, அதுவும் ஏறக்குறைய எட்டு சதவீதம். மலை ரிச் ஆக்குகிறது, எத்தனால் லீன் ஆக்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன! ஆகவே மலைக்காகச் சின்ன ஜெட் போட்ட வண்டி இன்றைய பெட்ரோலில் சூடாகித் திணறும். கம்பெனி போட்ட ஜெட்டைத் திரும்பப் போட்டால் கோத்தகிரியில் அழகாக ஓடும். அதே வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிப்போனால் அங்கே லீன், இழுவையில் என்ஜின் தட்டும், வால்வு சுடும். அடிக்கடி கீழே போகிறவர் என்றால் ஒரு நம்பர் பெரிய ஜெட்டை டேஷ்போர்டில் வைத்திருங்கள், மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும் நேரத்தில் மாற்றிவிடலாம். பிளக்கில் பொறி விழும் நேரமான டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கும் அப்படித்தான், மேலே கொஞ்சம் முன்தள்ளி வைத்தது கீழே தட்டும்.

எத்தனாலின் இன்னொரு குணம் ரப்பரைத் தின்பது. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஹோஸின் மேல் வியர்வை மாதிரி பெட்ரோல் கசிந்தால் அன்றே மாற்றுங்கள், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், பாதி காலியான டேங்க்கோடு ஆடி மாதம் முழுக்க நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லை முழுக்க வடித்துவிடுங்கள். ஈயம் கலக்காத பெட்ரோல் வால்வு சீட்டை அரிக்கும் என்று ஒரு பயம் உண்டு. நாடு முழுவதும் ஈயம் நின்று 2000-த்திலிருந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஹெட்டைக் கழற்றும்போது சீட்டைப் பார்த்துத் தேவையானால் கெட்டியான சீட் அடித்துக்கொள்ளலாம், அதற்காகவே கழற்ற வேண்டாம்.

ரேடியேட்டர் விஷயத்தில் ஒரு சண்டை வரும். என்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் நிறுத்தும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சமவெளி மெக்கானிக் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார், "சூடாகாது சார்" என்பார். நம் குளிரில் அது இல்லாமல் என்ஜின் சூட்டுக்கே வராது. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கிலேயே ஓடி, பெட்ரோல் ஆயிலில் இறங்கி, போர் தேயும். தெர்மோஸ்டாட் இருக்கட்டும். மறுபக்கம், ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் வண்டிக்கு அது பக்கம்தான். அதனால் நல்ல பிரஷர் கேப், கோர் சுத்தம் செய்த ரேடியேட்டர், பாதிக்குப் பாதி கூலண்ட். கூலண்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு, டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் ராத்திரி நிறுத்தினால் உறையாமலும் காக்கும். ஒருமுறை சூடாகிவிட்டால் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஹெட் வளைந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

மாற்றங்களைப் பற்றி என் கட்சி இது: மூடியைத் திறந்தால்தான் தெரிய வேண்டும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டர், முன்விளக்குக்கு ரிலே வைத்த தடித்த வயர், பம்பருக்குக் கீழே தாழ்வாக இரண்டு பனி விளக்கு. எலி கடித்த பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழுக்க மாற்றுங்கள். "அசல் அசல்" என்று அடம்பிடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நம் மலை ரயிலைப் பாருங்கள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில் அது. நிலக்கரியில் ஓடிய எக்ஸ் வகை என்ஜினை ஆயிலுக்கு மாற்றி, திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவும் செய்து ஓட்டுகிறார்கள். யாராவது அதை நீலகிரி ரயில் இல்லை என்கிறார்களா?

ஆனால் ஆம்னி என்ஜின் வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றலாம், ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி அசல் வடிவில் இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். "வி.ஏ." எழுத்து கொண்ட எண் கிடைக்கும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டி 1978-ல் பதிவானது என்றால் 2028-ல் அந்த வாசல் திறக்கும். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. ஞாயிறுதோறும் ஓட்டத்தான் ஆசை என்றால் சாதாரணப் பதிவே போதும். எதுவானாலும் இப்போது என்ஜினை மாற்றி அந்த வாசலை நீங்களே பூட்டாதீர்கள். அலாய் வீலும் அகல டயரும் போட்டால் பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியைக் கொண்டை ஊசியில் திருப்ப ஜிம்முக்குப் போக வேண்டியிருக்கும். மேட் கறுப்பு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தா கனவில் வந்து சொல்வார்.

பெயிண்ட் கடைசியில், அதுவும் பிப்ரவரி, மார்ச்சில். மூடுபனியில் பெயிண்ட் அடித்தால் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். அவசரம் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி அடிப்பது நல்லது. உதிரிபாகத்துக்கு முதலில் கோயம்புத்தூர் உக்கடம், இல்லாவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள், பெயர் சொல்லி வாங்கினால் வேறு எதையாவது கட்டிக்கொடுப்பார்கள். கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் கோவை லேத்துப் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம், அந்த ஊர் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம். எவ்வளவு ஆகும் என்றால், என் இரண்டாவது ஃபியட்டுக்கு ஒன்றரை லட்சம் என்று எழுதினேன், மூன்றைத் தாண்டியது. பாதிக்குமேல் தகரமும் பெயிண்டும். அது சில வருடம் முந்தைய கணக்கு. உங்களுடையதை ஸ்க்ரூடிரைவர் குத்திய பிறகுதான் யாரும் சொல்ல முடியும்.

எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டத்துக்கு மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கிவிடாதீர்கள். கோடநாடு சாலையில் போய்வாருங்கள், ஏற்றமும் இறக்கமும் அளவாக இருக்கும். பாதி வழியில் நிறுத்தி நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு, மூன்று ஞாயிறு அப்படி ஓட்டியபின் குன்னூர் வாருங்கள், ஒரு டீ போடுகிறேன். டிக்கியில் சக்கரத்துக்கு வைக்க ஒரு மரக்கட்டை இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். கட்டை இல்லாமல் கல்லை வைக்க நேர்ந்தால், கிளம்பும்போது அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வாருங்கள். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்குப் பனியில் அது தெரியாது.